அந்த மெட்டுக்கு என்ன வயது?

வணக்கம் ஐயா,

பிடில் மெட்டுகள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். நான் மூன்று வருடமாக வயலின் கற்கிறேன். கச்சேரி வாசிப்பு இல்லை, அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டார் மெட்டுகள். வாரம் ஒருநாள் ஏழெட்டுப் பேர் கூடி வாசிப்போம்.

எனக்கு ரொம்பப் பிடித்த மெட்டு 'அஷோகன் ஃபேர்வெல்'. அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய ஆவணத் தொடரில், ஒரு சிப்பாய் மனைவிக்கு எழுதிய கடிதத்தை வாசிக்கும்போது பின்னணியில் வரும். அதைக் கேட்டு அழுதிருக்கிறேன். வாசிக்கும் இடத்தில் எல்லாம் "இது போர்க்களத்தில் பிறந்த மெட்டு" என்று சொல்லிவிட்டுத்தான் வில்லை வைப்பேன். போன மாதம்தான் தெரிந்தது, அது 1982-ல் ஒருவர் போட்ட மெட்டாம். ஏமாந்துபோன மாதிரி ஆகிவிட்டது. இப்போது அதை வாசிக்கவே கை வரவில்லை.

இன்னொன்றும் உண்டு, சொல்லக் கொஞ்சம் கூச்சம். நானே ஒரு ஜிக், அதாவது ஓர் ஆட்ட மெட்டு, போட்டிருக்கிறேன். குழுவில் வாசித்துக் காட்டினேன். எங்களில் மூத்தவர், எனக்குத் தெரிந்த மெட்டுகளில் பாதியைக் கற்றுக்கொடுத்தவர், "இருக்கிற ஆயிரம் மெட்டையும் வாசித்து முடித்துவிட்டாயா? மரபில் புதிதாகச் சேர்க்க நாம் யார்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்கு வரிகள் எழுதிப் பாட்டாக்கலாம் என்று பார்த்தேன், அதுவும் வாயில் நிற்கவில்லை. மரபில் வாசிக்கிறவர் புது மெட்டுப் போடலாமா? போட்டால் அது மரபா? ஒலிப்பதிவை இணைத்திருக்கிறேன், நேரம் இருந்தால் கேளுங்கள்.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

கேட்டேன். மூன்று நாளாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஜிக்கைப் பற்றிச் சொல்ல எனக்குச் சில விஷயங்கள் இருக்கின்றன, கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த ஏமாற்றத்தைப் பேசிவிடுவோம், ஏனென்றால் நீங்கள் கேட்ட மற்ற இரண்டு கேள்விக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஜே அங்கர் நியூயார்க் மாநிலத்தில் அஷோகன் என்ற இடத்தில் கோடைதோறும் பிடில், நடன முகாம் நடத்தி வந்தவர். வாரக்கணக்கில் இரவும் பகலும் வாசிப்பு, ஆட்டம், புதுப்புது மனிதர்கள். அது முடிந்து வீடு திரும்பினால் ஒரு வெறுமை வந்து உட்காருமே, அந்த வெறுமையில் 1982-ல் அவருக்கு வந்த மெட்டு அது. ஸ்காட்லாந்தின் இரங்கல் மெட்டுகளின் சாயலில் போட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய குழு அதை இசைத்தட்டில் வாசித்தது, ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸ் காதில் விழுந்தது, 1990-ல் வந்த அந்தப் போர்த் தொடரில் மறுபடி மறுபடி ஒலித்தது. நீங்கள் சொல்லும் கடிதம் சல்லிவன் பலூ என்பவர் 1861 ஜூலையில் எழுதியது. எழுதிய சில நாட்களில் சண்டையில் காயம்பட்டு இறந்துபோனார். அந்தக் கடிதத்துக்கும் இந்த மெட்டுக்கும் நடுவில் 121 வருடம்.

சரி, இப்போது யோசித்துப் பாருங்கள். நீங்கள் அழுதது பொய்யா? அந்தத் தொடரில் வந்த மற்ற மெட்டுகள் எல்லாம் போர்க்காலத்தை ஒட்டியவை, அசல் பழசு. அவற்றுக்கு வராத அழுகை இதற்கு வந்தது. ஒரு முகாம் கலைந்த துக்கம் ஒரு சிப்பாயின் கடைசிக் கடிதத்தைத் தாங்கி நின்றது என்றால், அந்தத் துக்கம் வந்த பாதை அவ்வளவு பழையது. ஸ்காட்லாந்தில் 'லமென்ட்' என்று ஒரு வகை உண்டு, நம் ஒப்பாரி மாதிரிதான், ஆனால் சொல் வேண்டாம், பிடிலே அழும். அங்கரின் வில் அந்தப் பாதையில் நடந்து பழகிய வில். நீங்கள் அதில் கேட்ட பழமை அங்கே நிஜமாகவே இருக்கிறது. வருடம்தான் புதுசு.

இதே வகையில் எல்லாரும் 'பாரம்பரியம்' என்று எண்ணி வாசிக்கும் மெட்டு ஒன்று உண்டு. நீல் கோ தன் இரண்டாவது மனைவி இறந்தபோது போட்டது. கோ 1727-ல் ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில் பிறந்தவர், நெசவு கற்றவர், பிறகு பிடிலே வாழ்க்கையாகிவிட்டது. வில்லை மேல்நோக்கித் தள்ளும்போது அவருக்கு இருந்த பலம் வேறு யாருக்கும் இல்லை என்று பேர். அந்த அம்மா 1805-ல் இறந்தார், முப்பது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்தவர். கோவுக்கு அப்போது எண்பதை நெருங்கிய வயது. இரண்டு வருடத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். அந்தச் சாவு வீட்டில் அதை முதன்முதலாகக் கேட்டவர்களுக்கு அது நேற்றுப் போட்ட மெட்டு. அன்று பக்கத்தில் இருந்த யாராவது "இதெல்லாம் பழைய மெட்டு இல்லையே" என்று கையைக் கட்டிக்கொண்டிருந்தால் இன்று உங்களுக்கும் எனக்கும் அது கிடைத்திருக்காது.

ஆகவே 'மரபா, புதிதா' என்று கேட்பதை விட்டுவிடுங்கள். மரபில் இருக்கிற ஒவ்வொரு மெட்டும் ஒருநாள் யாரோ ஒருவருடைய புது மெட்டு. அப்புறம் நடப்பதுதான் முக்கியம்: இன்னொரு கை அதை எடுத்துக்கொள்கிறதா? எடுத்துக்கொண்ட கை தனக்கு வாகாக அதை வளைக்கிறதா? வளைந்த பிறகும் அது அதே மெட்டாக நிற்கிறதா? இந்த மூன்றும் நடந்தால் அது மரபு. நடக்க நூறு வருடமும் ஆகலாம், ஒரு குளிர்காலமும் போதும். கனடாவின் கேப் பிரெட்டன் தீவில் வாழ்ந்த ஜெரி ஹாலண்ட், சக பிடில்காரர் பிரெண்டா ஸ்டபர்ட்டின் பெயரில் ஒரு ரீல், அதாவது வேகமான ஆட்ட மெட்டு, போட்டார். ஹாலண்ட் 2009-ல்தான் இறந்தார். ஆனால் அவர் உயிரோடு இருந்தபோதே அது கடல் தாண்டி அயர்லாந்து, ஸ்காட்லாந்து கூட்டங்களில் சாதாரணமாகப் புழங்கியது. யார் போட்டது என்று தெரியாமலேயே வாசித்தவர்கள் ஏராளம்.

உங்கள் மூத்தவரிடம் வருகிறேன். அவர்மேல் கோபப்படாதீர்கள். அவர் கேள்வியில் பாதி நியாயம், அந்தப் பாதியை நீங்கள் விடக்கூடாது. பத்து மெட்டு தெரிந்தவர் பதினோராவதைத் தானே போட்டால் அது பெரும்பாலும் அந்தப் பத்தின் துண்டுகளாகத்தான் இருக்கும். கை இன்னும் நிறையவில்லை. நிறையாத பானையிலிருந்து வழிவது ஏது? புது மெட்டுக்காரர்கள் பெருத்து, பழைய மெட்டை வாசிக்க ஆள் இல்லாமல் போவதைக் கண்ணால் பார்த்தவருக்குப் பதற்றம் வரத்தான் செய்யும். ஆனால் "நாம் யார்" என்கிற மற்ற பாதியை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நாம்தான். வேறு யார் வருவார்கள்?

இதற்கு எனக்குத் தெரிந்து மிகச் சரியான மனிதர் ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாண்ட் தீவுகளின் பிடில்காரர் டாம் ஆண்டர்சன். 1910-ல் பிறந்தவர், காப்பீட்டு முகவராகத் தீவு முழுக்க வீடு வீடாகப் போன மனிதர். போகிற இடத்தில் கிழவர்களிடம் பழைய மெட்டுகளைக் கேட்டுச் சேர்த்தார். அவர் சேர்க்காமல் விட்டிருந்தால் அந்தக் கிழவர்களோடு மண்ணுக்குள் போயிருக்கக்கூடிய மெட்டுகள் எத்தனையோ. பிறகு பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். பெயர்பெற்ற பிடில்காரர் அலி பெயின் அவரிடம் கற்றவர்தான். இவரைவிடப் பழசைப் போற்றிய ஆளை எங்கே தேடுவீர்கள்? அதே ஆண்டர்சன்தான் நூற்றுக்கணக்கில் புது மெட்டும் போட்டார்.

அவற்றில் ஒன்றைப் பற்றி அவர் சொல்லியிருப்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1969 ஜனவரிக் கடைசி, இரவு பதினொரு மணிக்கு மேல். எஷனஸ் என்கிற தன் ஊர்ப்பக்கத்திலிருந்து கிளம்பி, மேட்டின் உச்சிக்கு வந்து திரும்பிப் பார்க்கிறார். சின்ன வயதில் பார்த்த வெளிச்சங்களில் சொற்பம்தான் மிச்சம். குடிகள் போய்விட்டார்கள். பார்த்துக்கொண்டு நிற்கும்போதே இருக்கிற விளக்குகளும் ஒன்றொன்றாக அணைகின்றன. கொஞ்ச நாள் முன்புதான் மனைவி இறந்திருக்கிறார். அவருக்கு அந்தத் தீவுப் பேச்சின் பழைய சொல் ஒன்று ஞாபகம் வருகிறது, 'ஸ்லாக்கிட்', அதாவது அணைந்துபோன. மெட்டுக்கு 'அணைந்த விளக்கு' என்றே பெயர். முப்பத்துச் சொச்சம் பார் (நம் ஆவர்த்தனம் மாதிரி, மெட்டை அளக்கும் தாளத் துண்டு), வேகமே கிடையாது, சின்னப் பிள்ளைகூட வாசித்துவிடும். ஆனால் வாசித்து முடித்ததும் உடனே அடுத்த மெட்டுக்குப் போக முடிவதில்லை. அந்த இரவில் அந்த மேட்டில் நிற்கிறவருக்கு, அவ்வளவு பழைய மெட்டுகளைக் கையில் வைத்திருந்தவருக்கு, ஏன் அவற்றில் ஒன்று போதவில்லை? அந்தப் பழைய மெட்டுகள் போடப்பட்ட காலத்தில் அந்த விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. இதற்கு ஒரு மெட்டு அதுவரை தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

நம் பக்கத்திலேயே லால்குடி ஜெயராமன் இருக்கிறார். தியாகராஜரின் சீடப் பரம்பரை. சிறுவனாக இருந்தபோதே பெரிய பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க உட்கார்ந்தவர். பழைய கீர்த்தனைகள் அவருக்கு எவ்வளவு பாடம் என்று யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. அவர் போட்ட வர்ணங்களும் தில்லானாக்களும் இன்று பாட்டுக் கச்சேரியிலும் நடன மேடையிலும் பழைய உருப்படிகளோடு தோளோடு தோள் நிற்கின்றன. சாருகேசியில் 'இன்னம் என் மனம்' ஆடும் பெண்ணிடம் போய் இது மரபா என்று கேட்டால் கேள்வியே புரியாது. அவர் 2013-ல்தான் மறைந்தார்.

மெட்டு எப்படி வருகிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லவேண்டும் போலிருக்கிறது, உங்கள் ஜிக்கில் எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்பதற்கு அதுதான் காரணம்.

பிடில் மெட்டை முதலில் போடுவது கை. ஜி, டி, ஏ, ஈ என்று நாலு தந்தி, ஒன்றுக்கு அடுத்தது ஸ-வுக்கு ப மாதிரி. இடது கையை மேலே நகர்த்தாமல், விரல் போடாத தந்தியும் நாலு விரலுமாக வாசித்தாலே இரண்டு ஸ்தாயிக்குச் சற்று மேல் கிடைத்துவிடுகிறது. இந்த நாட்டார் மெட்டுகளில் பெரும்பகுதி அதற்குள் முடிந்துவிடும். ஏன் இத்தனை மெட்டு டி-யிலும் ஜி-யிலும் ஏ-யிலும் இருக்கிறது? அந்தச் சுருதிகளில் வெறுந்தந்தி கூடவே முழங்கும், பக்கத்துத் தந்தியை வில் லேசாக உரசினால் தம்புரா மாதிரி நிற்கும். அப்புறம் கால். எட்டு பார், திருப்பி எட்டு, இரண்டாம் பகுதி எட்டு, திருப்பி எட்டு, ஆக 32. அந்தக் கணக்கு ஆடுகிறவர்களின் சுற்றிலிருந்து வந்தது. ஜிக் என்றால் தகிட தகிட, ரீல் என்றால் தகதிமி தகதிமி. ஸ்காட்லாந்தின் ஆட்ட மெட்டு வகையான ஸ்ட்ராத்ஸ்பேயில் குறிலும் நெடிலும் வெட்டி வெட்டி விழும், அந்த வெட்டு வில்லின் மணிக்கட்டில் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த பிடில்காரர் ஒருவர் புது மெட்டுப் போடும்போது பக்கத்தில் இருந்திருக்கிறேன். பேரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. புதிதாக எதையும் தேடி அவர் உட்காரவில்லை. தெரிந்த ரீல் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தவர் ஒரு இடத்தில் தப்பாக விரல் வைத்தார். நடுவிரல் விழவேண்டிய இடத்தில் ஆள்காட்டி விரல் விழுந்தது. வேறு யாராவது என்றால் திருத்திக்கொண்டு மேலே போவார்கள். இவர் வில்லைத் தந்தியிலிருந்து எடுக்காமல் அதே தப்பைத் திரும்ப வாசித்தார். மறுபடியும். அடுத்து எங்கே போவது என்று அந்தத் தப்பையே கேட்கிற மாதிரி இருந்தது. பத்து நிமிடம், வெறும் இரண்டு பார். அவ்வளவு நேரமும் வலது கால் தரையில் தட்டிக்கொண்டே இருந்தது, கை நின்ற இடங்களில்கூடக் கால் நிற்கவில்லை. கடைசியில் எட்டு பார் சேர்ந்தது. மறுநாள் காலையில் அதை வாசித்துக் காட்டச் சொன்னேன். மூன்றாவது பார் வேறாக இருந்தது. மாற்றியிருக்கிறீர்களே என்றேன். இல்லையே, அப்படியேதானே வாசிக்கிறேன் என்றார். நான் ஒலிப்பதிவைக் காட்டவில்லை. காலையில் வாசித்ததுதான் நன்றாக இருந்தது.

பெயர் விஷயம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எட் ரீவி என்று ஒருவர். அயர்லாந்தின் கவன் பகுதியில் பிறந்து, சிறுவனாக இருக்கும்போதே ஃபிலடெல்ஃபியா போய், குழாய் வேலை பார்த்துப் பிழைத்தவர். வேலை முடிந்து வந்து மெட்டுப் போடுவார், நூற்றுக்கணக்கில் போட்டார், அவற்றில் ஒரு பகுதிதான் நமக்குத் தங்கியிருக்கிறது. அவர் மெட்டுகள் அயர்லாந்துக்கே திரும்பிப் போய், பழைய அயர்லாந்து மெட்டுகளாக அவர் காலத்திலேயே வாசிக்கப்பட்டன. அயர்லாந்தின் கிழக்கு கால்வேயில் பாடி ஃபேஹி இன்னும் ஒருபடி மேல். விவசாயி, நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 2019-ல் இறந்தார். தன் மெட்டு எதற்கும் பெயரே வைக்கவில்லை. எல்லாமே 'பாடி ஃபேஹியின் ரீல்', 'பாடி ஃபேஹியின் ஜிக்'. எந்த ஃபேஹி ரீல் என்று கேட்டால் வாசித்துத்தான் காட்டவேண்டும், வேறு வழி கிடையாது. மேஜரா மைனரா என்று, அதாவது வெளிச்சமான சுர வரிசையா சோகமான சுர வரிசையா என்று, ஒரு பக்கம் சாயாமல் நடுவில் மிதக்கும் அந்த மெட்டுகளை இரண்டு பார் கேட்டாலே தெரிந்துவிடும், பெயர் எதற்கு?

ஆனால் பெயர் தானாக உதிர்வது வேறு, பிடுங்குவது வேறு. வில்லியம் மார்ஷல் கோவின் காலத்தவர், கோர்டன் பிரபுவின் வீட்டில் மேலாளராக இருந்தவர், கடிகாரமும் செய்வார். ஸ்ட்ராத்ஸ்பே போடுகிறவர்களில் தன் காலத்தின் முதல் ஆள் என்று ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் அவரைச் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவருடைய மெட்டுகளை மற்றவர்கள் பெயர் மாற்றி, அவர் பெயரைப் போடாமல் அச்சடித்துக்கொண்டார்கள். 1822-ல் தன் தொகுப்பை வெளியிட்டபோது அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. எனக்கு இதில் சமாதானமே கிடையாது. மரபு எல்லாருக்கும் பொது என்ற பேச்சை வைத்துக்கொண்டு உயிரோடு இருக்கிற ஒருவரின் மெட்டைப் 'பாரம்பரியம்' என்று போட்டு இசைத்தட்டு வெளியிடுவது இன்றும் நடக்கிறது. ஆகவே நீங்கள் அஷோகனை மறுபடி வாசிக்கும்போது, வாசிப்பீர்கள், வில்லை வைக்கும் முன் "ஜே அங்கர், 1982" என்று சொல்லுங்கள். போர்க்களம் என்று சொன்னதைவிட இது கேட்கிறவர்களுக்கு இன்னும் வியப்பாக இருக்கும்.

அடுத்து பாட்டு. மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்று நாம் வெகுகாலமாகப் பேசுகிறோம். நம் பழைய பாட்டுப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இன்ன வர்ணமெட்டு என்று போட்டிருப்பார்கள். யாரோ எப்போதோ போட்ட மெட்டுக்குப் புதிய வரி எழுதுவதில் நமக்குக் கூச்சமே இருந்ததில்லை. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் என்ன? அவர் தம்பி பாலுசுவாமி ஐரோப்பிய வயலினைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தவர். அந்தக் காலத்தில் காதில் விழுந்த வெள்ளைக்கார மெட்டுகளுக்குத் தீட்சிதர் வரிகள் எழுதினார். 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்தின் அரச வாழ்த்து மெட்டு. அயர்லாந்து, ஸ்காட்லாந்து ஆட்ட மெட்டுகளும் அவற்றில் உண்டு. அதாவது நீங்கள் வாசிக்கும் மெட்டுகளின் உறவுக்காரர்கள் இருநூறு வருடத்துக்கு முன்பே இங்கே வந்து பாட்டாகிவிட்டார்கள். கவனித்துப் பாருங்கள், கமகம் இல்லை, அநேகமாக ஒரு சுரத்துக்கு ஓர் அசை, அவ்வளவு கச்சிதம்.

அப்படியானால் உங்கள் வரிகள் ஏன் வாயில் நிற்கவில்லை? உங்கள் ஜிக் ஆட்ட வேகத்தில் நொடிக்கு ஐந்தாறு சுரம் போகிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் அசை வைத்தால் எந்த வாயும் குழறும். வில்லுக்கு மூச்சு வாங்க வேண்டாம், திரும்பினால் அடுத்த இழுப்பு. பாடுகிறவருக்கு மூச்சு வேண்டும். பிடில் ஒரு விரல் தூக்கி ஒரு ஸ்தாயி தாவும், தொண்டை தாவாது. லால்குடியின் உருப்படிகள் இவ்வளவு இயல்பாகப் பாட வருவதற்குக் காரணம் அவர் வில்லே பாட்டிலிருந்து பழகிய வில், வாய்ப்பாட்டைப் பிடிலில் கொண்டுவந்தவர் அவர். உங்கள் வில் காலிலிருந்து பழகியது. கால் போட்ட மெட்டை வாய்க்குக் கொண்டுபோக அதை வேறு வேகத்தில் சமைக்கவேண்டும்.

கவிஞர் பர்ன்ஸ் அதைத்தான் செய்தார். 1788-ல், புதிதாக மணந்த ஜீன் தூரத்தில் இருக்கிறாள், காற்று வீசும் திசைகளில் எனக்கு மேற்குதான் பிடிக்கும், அவள் அங்கே இருக்கிறாள் என்று ஒரு பாட்டு எழுதினார். மெட்டு மேலே சொன்ன மார்ஷலுடையது, ஆடுவதற்குப் போட்ட ஸ்ட்ராத்ஸ்பே. இன்று அதை மெதுவாகப் பாடக் கேட்டால் யாரும் கால் தட்டமாட்டார்கள். ஒரு மெட்டைத் தன் குரலில் முழுக்கப் பாடிப் பழகாமல் தன்னால் அதற்கு வரி எழுதவே முடியாது என்று பர்ன்ஸ் கடிதம் ஒன்றில் எழுதியிருக்கிறார். பெரிய பாடகர் இல்லை அவர். முணுமுணுத்துக்கொண்டே இருப்பார், மெட்டு உள்ளே இறங்கும், பிறகு சொல் வரும். நீங்களும் பேனாவை வைத்துவிட்டு ஒரு வாரம் முணுமுணுங்கள். பாதி வேகத்துக்கும் கீழே கொண்டுவாருங்கள். தகிட தகிடவில் நடுச் சுரத்தை விட்டுவிட்டு முதலையும் கடைசியையும் மட்டும் பாடுங்கள். நீண்டு நிற்கிற இடத்தில் ஆ, ஓ என்று வாய் திறக்கிற நெடிலுள்ள சொல்லை வையுங்கள், மெய்யெழுத்தில் போய் முட்டாதீர்கள். அப்படியும் வரவில்லை என்றால் அது வாசிக்கிற மெட்டு மட்டும்தான், அதில் ஒரு குறையும் இல்லை. அயர்லாந்தில் வாத்தியம் இல்லாதபோது அர்த்தமில்லாத அசைகளை வைத்தே வாயால் ஆட்ட மெட்டுப் பாடுவார்கள், நம் ஜதி மாதிரி. அதுவும் பாட்டுதான்.

சரி, உங்கள் ஜிக்.

முதல் பகுதியை நேராகவே சொல்லிவிடுகிறேன், அது உங்களுடையது இல்லை. டி-யில் ஆரம்பித்து ஏ வரைக்கும் ஏறி அதே படியில் இறங்குகிற அந்தப் போக்கில் எத்தனையோ ஜிக்குகள் இருக்கின்றன. உங்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட மெட்டுகளின் பழக்கம் அது. தப்பில்லை, கை அங்கேதான் முதலில் போகும். மூத்தவர் காதில் விழுந்தது அநேகமாக இந்த எட்டு பார்தான்.

இரண்டாம் பகுதி வேறு. ஈ தந்தியில் மேலே போய் நின்று, எல்லாரும் எதிர்பார்க்கிற இடத்தில் இறங்காமல், ஸி ஷார்ப்புக்குப் பதிலாக அதற்கு அரைச் சுரம் கீழே உள்ள வெறும் ஸி-யைத் தொடுகிறீர்களே, அங்கே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வெளிச்சமாகப் போய்க்கொண்டிருந்த மெட்டில் சட்டென்று ஒரு நிழல். அதை வேண்டுமென்று செய்தீர்களா, விரல் தானாக வந்ததா தெரியவில்லை. எப்படி வந்திருந்தாலும் விட்டுவிடாதீர்கள். முதல் பகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த ஸி-யிலிருந்து பின்னோக்கி நடந்து இதற்கு எது முன்னால் வந்திருக்கும் என்று கையைக் கேளுங்கள்.

இன்னொன்று. நேற்று மாலை பிடிலை எடுத்து உங்கள் இரண்டாம் பகுதியை நானே வாசித்துப் பார்த்தேன். ஐந்தாவது பாரில் ஈ தந்தியிலிருந்து நேரே டி தந்திக்குத் தாவுகிறீர்கள், நடுவில் ஏ தந்தியை வில் தாண்டவேண்டும், அந்த வேகத்தில் எனக்கு அது சிக்கியது. நாலைந்து தடவை வாசித்தபின் பார்த்தால் என் வில் நடுவில் வெறும் ஏ-யைத் தொட்டுவிட்டுப் போகிறது, நான் முடிவு செய்யவே இல்லை. இப்போது உங்கள் ஒலிப்பதிவைக் கேட்டாலும் என் கை அந்த ஏ-யோடுதான் வாசிக்கிறது. உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் நீங்கள் பழையபடியே வாசியுங்கள், நான் இப்படி வாசிக்கிறேன்.

அடுத்த வாரம் நண்பர்கள் சிலரோடு உட்கார்கிறோம். அந்த இரண்டாம் பகுதியை மட்டும் அவர்களுக்கு வாசித்துக் காட்ட ஆசை. மெட்டுக்குப் பெயர் எதுவும் எழுதவில்லையே நீங்கள். என்னவென்று சொல்லி ஆரம்பிக்கட்டும்? அதற்குள் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.